வளையல் கீறிய கை

அவைத் தலைவர் ஐயா அவர்களே, ஜலகண்டாபுரத்துப் பெரியோர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தலைதாழ்ந்த வணக்கம்!

என்னங்க ஐயா? கேட்கவில்லையா? என் குரல் சின்னதுதான். கோபம் பெரிது. கொஞ்சம் அமைதியாகக் கேளுங்கள்.

என் அக்கா சௌந்தர்யாவுக்கு ஒன்பதாம் மாதத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. அவள் மாமியார் பெரியநாயகி, “அது தறிப் பஞ்சு சாமி. எனக்குந்தான் அரிக்குது, நானென்ன ஆசுபத்திரிக்கா ஓடறேன்?” என்றார். வளைகாப்பன்று கண்ணே மஞ்சளாக இருந்தது. “புள்ளத்தாச்சிக்கு மஞ்சப் பூசுனதும் என்னா களை பாருங்க!” என்று நெட்டி முறித்தார்கள். நோயைப் பார்த்து அழகு என்றோம் தாய்மார்களே, அழகு என்றோம்!

விருந்துக்கு வந்த நர்ஸ் உண்ணாமலை அக்கா மட்டும் பதறினார். “ஈரலு சோதனையும் ரத்தம் உறையற சோதனையும் இன்னைக்கே பாக்கோணுமுங்க.”

“வளையல் போட்ட கையில ஊசி குத்தறதா? புள்ள பொறக்கட்டும், பொறவு பாத்துக்கலாமுங்க” என்று மறித்தார் பெரியநாயகி.

அன்று மாலையே ஒரு வளையல் உடைந்து மணிக்கட்டைக் கீறியது. நகத்தளவு கீறல். துணி சுற்றினார்கள், நிற்கவில்லை. மஞ்சள்தூளை அப்பினார்கள், நிற்கவில்லை. ஊசி படாமல் காத்த கையை வளையலே குத்திக் காட்டியது!

பிரசவத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய சேலம் ஆசுபத்திரியில் டாக்டரம்மா சொன்னார்: “ரத்தத்தை உறைய வைக்கிற சத்தை ஈரல்தான் செய்யுது. அது கெட்டா பிரசவத்துல ரத்தம் நிக்காது. முன்னயே தெரிஞ்சிருந்தா எல்லாம் தயாரா வெச்சிருப்போமே!”

குழந்தை பிழைத்தது. அக்கா வரவில்லை. வளையல்கள்தான் துணி முடிச்சில் வீடு வந்தன.

யாரது, பின்னால் ‘விதி’ என்பது? விதியா அரித்தது? விதியா கண்ணை மஞ்சளாக்கியது? ஒரு ஊசிக்குத் தடை போட்டது விதியா, நம் வாயா?

மூன்றாம் வரிசையில் சத்யபிரியா அக்கா! மாசமாக இருக்கிறீர்கள். நான் பேசத் தொடங்கியது முதல் உள்ளங்கையைச் சொறிகிறீர்கள். என்ன, “பஞ்சுதான் சாமி” என்கிறீர்களா? மாதக்கணக்காய் நீங்கள் தறிப் பக்கமே போகவில்லையே, பஞ்சு எங்கிருந்து வந்தது?

எழுந்திருங்கள் அக்கா. உண்ணாமலை அக்கா வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருக்கிறார். வளையல் மணிக்கட்டிலேயே இருக்கட்டும். ஊசி குத்துவது முழங்கை மடிப்பில்தான்.

காலை மடக்கி அவருக்கு வழிவிடும் ஒவ்வொருவருக்கும் என் நன்றி, வணக்கம்!