உரிக்காத பிளாஸ்டிக் தாள்

ஓடுகிற வான் வண்டிக்குள் அலுமாரிக் கதவு தானாகத் திறக்கக் கூடாது. என் தொழிலில் முக்கால்வாசி அவ்வளவுதான், ஐயா. மிச்சம் பொறுமை. பண்டத்தரிப்பில் வருடக்கணக்காக மினிபஸ்ஸுக்கும் லொறிக்கும் மேற்கூடு, பொடி எல்லாம் கட்டுகிறேன். சீவரத்தினம் கட்டியதில் ஓர் ஆணி கழன்றது என்று யாரும் வந்து நின்றதில்லை. இன்று நானாகப் பொலிசுக்கு வந்ததும் அதற்காகத்தான். மயிலிட்டியில் நடந்ததை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் என் வேலையில்தான் பிழை என்று சந்தியில் கதைக்கிறார்கள். அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

வேலையில் பிழை இல்லை.

அந்த வானைக் கொண்டுவந்தவன் என் மருமகன் நிருஷன். சுவிஸில் பிறந்தவன், நல்ல பிள்ளை. அவனில் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. வானுக்குள்ளேயே சமைத்து, படுத்து, ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. கொழும்பில் கப்பலேற்றி, இந்தியாவில் இறக்கி, அங்கிருந்து தரைவழியாகவே சுவிஸுக்குப் போய்ச் சேர்வதாகத் திட்டம். கூடப் போக இருந்தவள் என் மகள் நிவேதனா. ஒரே பிள்ளை, தாய் இல்லாமல் நான் வளர்த்தவள். வட்டுக்கோட்டையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருவீர்களா என்று கேட்டேன்.

“வருவம் அப்பா. லீவுக்கு வருவம்” என்றாள்.

லீவுக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நல்லம்மாவின் மகன் கடைசியாக வந்தது தகப்பனின் செத்தவீட்டுக்கு. எங்கள் வீட்டில் நான் தனியே இருப்பதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் வானைக் குறையில்லாமல் கட்டினேன். மடித்தால் மேசையாகிற கட்டில், கூரையில் தண்ணீர்த் தாங்கி, காஸில் ஓடுகிற ஃபிரிட்ஜ். காஸ் எரிந்தால் புகை வெளியே போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத புகை அது. அதற்காக வானின் பக்கத்தில் காற்றுப்போக ஓட்டைகள் வைத்த ஒரு தட்டி பூட்டினேன். புதுத் தட்டி. அதன்மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கப் போனேன்.

“மாமா, உந்தத் தாளை உரியாதேங்கோ. கீறல் விழுந்திடும். புதுசாக் கிடக்கட்டும்” என்றான் நிருஷன்.

எங்கள் ஆட்கள் எந்த நாட்டில் பிறந்தாலும் இதில் மாற மாட்டார்கள். புது மெத்தையின் உறையும் புதுக் காரின் சீற் உறையும் கிழிந்து தொங்கும்வரை கிடக்கும். அவன் அதை ஏதோ அழகுக்குப் பூட்டிய தட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அது எதற்கென்று தெரியும். சொல்லியிருக்கலாம்.

“ஓம் தம்பி, கிடக்கட்டும்” என்றேன்.

புகை நிறைந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்றும் உள்ளே இருந்தது. தாளை அவன் சொன்னதால் உரிக்காமல் விட்டேன். கருவியின் பற்றரியை நான் கழற்றியது யாரும் சொல்லி அல்ல. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் நல்ல நேரம். வைரவர் கோவிலில் பூசை செய்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். நேரம் பார்த்து வெளிக்கிட்ட வண்டி உடனே வீடு திரும்பக் கூடாது. ஆகையால் நிருஷன் அன்று மயிலிட்டிக் கடற்கரையில் வானுக்குள் தனியே படுப்பதாக ஏற்பாடு. நிவேதனாவுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை. அது முடிந்ததும் அவள் போய் ஏறுவாள். மழைக்காலம் வேறு. மழைக்கும் நுளம்புக்கடிக்கும் யன்னலெல்லாம் பூட்டிக்கொண்டுதான் படுப்பான். அவனைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன்.

வான் புறப்பட்டு, ஒழுங்கை தெருவுக்குத் திரும்புகிற முடக்குவரை போய் நின்றது. நிவேதனா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள்.

“அவரைத் தனிய விட மனமில்லை அப்பா. காலமை அங்கையிருந்து பள்ளிக்கூடம் போறன்” என்று சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள்.

வான் கதவு திறந்தது. ஏறினாள். வாசல் படலையில் நின்ற நான் வாயைத் திறந்தேன். நல்லம்மா என் கையைப் பிடித்தா.

“பின்னாலை கூப்பிடாதேங்கோ அண்ணை. பயணம் போற பிள்ளையள்.”

வாயை மூடிக்கொண்டேன். இப்படியான வழக்கங்களை மதிக்கிறவன் நான். கைத்தொலைபேசியில் கூப்பிட்டாலும் அது பின்னால் கூப்பிடுவதுதான் என்று எடுத்துக்கொண்டேன். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இருந்தது. அவள் அவித்து மூடி வைத்திருந்த புட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்த பிறகு மயிலிட்டிக் கடற்றொழிலாளர்கள் வான் கண்ணாடியில் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரையும் வெளியே கிடத்தியிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். அலுமாரிக் கதவு ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

நல்லம்மாவை விசாரிக்க வேண்டாம். அவ பிடிக்காவிட்டாலும் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். கூப்பிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். சொல்லியிருந்தால் என் பிள்ளை உயிரோடு இருந்திருப்பாள். ஆனால் அவனோடு போயிருப்பாள், பிறகு லீவுக்குக்கூட வந்திருக்க மாட்டாள்.

சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தேன். பட்டறையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டால் கால் மணி நேரம். அநேகமான பின்னேரங்களில் போய் அவளோடு கொஞ்சம் கதைத்துவிட்டு வருகிறேன். சுவிஸ் என்றால் இப்படிப் போய்வர முடியுமா, ஐயா?