சியேனிக்கு நான் கொடுத்த மாத்திரைகள்

பெயர் ஃபுவதினோ. வயது ஐம்பத்து மூன்று. சமோவா, சவாயீ தீவின் வடகரை, வைலோலோ ஊர், தேவாலயத்துக்கு அடுத்த வீடு. தொழில் பாய் முடைதல். ஊர் மாதர் குழுவின் தலைவியும் நானே. என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை காலை முதல் பேருந்தில் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து, சார்ஜென்ட் யோசுவா முன்னிலையில் சொல்வது இது.

இறந்துபோன சியேனி, வயது நாற்பத்தொன்று, என் உடன்பிறந்த தம்பியின் மனைவி. பக்கத்து ஊரில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். பிப்ரவரியில் மாவட்ட நர்ஸ் வந்து, எங்கள் பெண்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது, உடம்பைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு எங்கள் குழுவும் பக்கத்து ஊர்க் குழுவும் பேசி, பன்னிரண்டு வாரத்தில் எந்த ஊர் அதிக எடை குறைக்கிறது என்று போட்டி வைத்தோம். தோற்ற ஊர் வென்ற ஊருக்கு விருந்து போட வேண்டும். இளைத்ததற்குப் பரிசு விருந்தா என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் கொப்பரை நிறுக்கும் தராசை ஊர் கூடும் சபை வீட்டுக்குக் கொண்டுவந்து எடை பார்த்தோம். எடை கூடியவள் கிலோவுக்கு ஒரு பாய் முடைந்து தர வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். ஆறு வாரத்தில் சியேனி நான்கு பாய் கொடுத்தாள். எடை தொண்ணூற்றேழு. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அவள் பொறுப்பு, யார் தட்டை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ஆறாம் வாரம் துணைத் தலைவி ரூட்டா, "ஏண்டி சியேனி, பாய் முடையறதுக்குன்னே சாப்பிடறியா? இப்படியே போனா ஊரே உன் பாயில படுத்துத் தூங்கலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சியேனியும் சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன்.

அதே வாரம் ஆக்லாந்தில் இருக்கும் என் மகள் மாலயா ஒரு புட்டி அனுப்பினாள். கழுத்துச் சுரப்பியை முடுக்கிவிட்டு எடை இறக்குமாம். மருந்து இல்லை, சத்து மாத்திரைதான், கடையில் சீட்டு இல்லாமலே தருவார்கள், நாளுக்கு ஒன்று போதும் என்று போனில் சொன்னாள். புட்டியை என் வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் சியேனியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். தம்பியிடம் சொல்லாதே என்றேன். முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, அதன் பிறகு மூன்று. ஒன்று இவ்வளவு இறக்கினால் மூன்று எவ்வளவு இறக்கும் என்று கணக்குப் போட்டது நான்தான், மகள் இல்லை. நர்ஸிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதது அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்ற திமிர்.

அதன் பிறகு எடை மளமளவென்று இறங்கியது. கூடவே அவள் கை நடுங்கத் தொடங்கியது, முடைந்த பாயில் ஓரம் கோணலாக வந்தது, மழை நாளிலும் வியர்வை வழிந்தது, தேவாலயப் பாட்டில் பாதி வரியிலேயே மூச்சு நின்றது. இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து, உடம்பு லேசானதால் வந்த சுறுசுறுப்பு என்று மற்றவர்களிடம் பெருமை பேசினேன்.

போட்டி முடியப் பதினெட்டு நாள் இருக்கையில், குளிக்கும் ஊற்றடியில் அவள் என்னிடம், "அண்ணி, நெஞ்சுக்குள்ள யாரோ ஓடறாப்புல இருக்கு. ரெண்டு நாள் நிறுத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"நீதான் ஓட மாட்டேங்கற, உனக்குப் பதிலா அதுவாவது ஓடட்டும். பதினெட்டு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கோ" என்றேன்.

சரி அண்ணி என்றாள். கணவனின் அக்காள் சொல்லுக்கு எங்கள் ஊரில் எதிர்ச்சொல் கிடையாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு ஊர்ப் பெண்களும் சபை வீட்டில் கூடினோம். கடைசியாகச் சியேனி தராசில் ஏறினாள். எண்பத்து நான்கு. நாங்கள் ஜெயித்துவிட்டோம். அதன் பிறகு தகரத்தில் தாளம் தட்டிப் பாட்டு எடுத்தோம், சியேனி நடுவில் ஆடினாள். எங்களில் ஒருத்தி ஆடினால் மற்றவர்கள் சுற்றி நின்று கோமாளித்தனம் செய்வதும், அவளுக்கு மரியாதையாகக் குப்புற விழுந்து முதுகைக் காட்டுவதும் வழக்கம். பாட்டின் நடுவில் சியேனி குப்புற விழுந்தாள்.

"பாருங்கடி, இளைச்சதும் இவளுக்குக் கூத்தும் வந்துடுச்சு!" என்று ரூட்டா கத்தினாள். கைதட்டல் இன்னும் பலத்தது. ரூட்டாவும் அவள் பக்கத்தில் விழுந்து புரண்டாள். தகரத்தை யாரும் நிறுத்தவில்லை. நான் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். எவ்வளவு நேரம் என்று சார்ஜென்ட் கேட்கிறார். பாட்டில் இரண்டு சரணம் முடிந்தது. ரூட்டாவின் முகம் சியேனியின் முகத்துக்கு நேராக இருந்தது. அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "அக்கா, இவ மூச்சு விடலக்கா" என்றாள்.

அதன் பிறகு லாரியில் மருத்துவமனைக்கு நாற்பது நிமிடம். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று என் தம்பியைக் கேட்டார். ஒன்றுமில்லை என்றான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் என் கையையே எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நேற்று அடக்கம் நடந்தது. பக்கத்து ஊரிலிருந்து வழக்கப்படி துக்கத்துக்குப் பாய்களோடு வந்தவர்களில் லோசாவும் ஒருத்தி. சியேனியின் சொந்த அக்காள். எனக்கு அருகில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். சந்தோஷம் தாங்காமல் தங்கைக்கு நெஞ்சு நின்றுவிட்டது, கொடுத்து வைத்தவள் என்றாள். அதன் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நீங்க குடுத்த மாத்திரையப் பத்தி எங்கிட்ட மட்டும் சொன்னா. மீதி இருந்தா என் பொண்ணுக்குத் தாங்களேன் அக்கா, அடுத்த மாசம் கல்யாணம்" என்றாள்.

தலையை அசைத்திருக்கிறேன் போலிருக்கிறது, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நாளை இன்றுதான். அவள் வருவதற்குள் புட்டியை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன். உள்ளே பதினைந்து மாத்திரைகள் இருக்கின்றன, எண்ணி ஒப்படைத்திருக்கிறேன். லோசா இப்போது என் வீட்டு வாசலில் காத்திருப்பாள். என் வாயால் அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆகையால் இந்தத் தாளை முதலில் அவளுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு இருமுறை வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நடந்தது நடந்தபடி, யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொன்னவையே.

(ஒப்பம்) ஃபுவதினோ