டிலக்ஷிக்கு ஒரு அண்ணன்

எங்கள் பாடசாலையில் நல்ல காற்று வரும் ஒரே அறை என்னுடையதுதான். யன்னல் சீலை நான் வாங்கிப் போட்டது. மேசை விரிப்பும் அப்படித்தான். விசாரணைக்கு வந்த அன்று நீங்கள் அந்தக் கதிரையில் இருந்து, "நல்ல அமைதியான இடம் சேர்" என்று சொன்னீர்கள். சொன்னதோடு நிற்காமல், நடந்ததை எழுத்தில் தரச் சொன்னீர்கள். அதுவும் நல்லதுதான். எனக்குக் கதைப்பதைவிட எழுதுவது திருத்தமாக வரும்.

பெயர் அருட்செல்வன். பதின்மூன்று வருடமாக உளவளத்துணை ஆசிரியர். முதல் இரண்டு வருடம் என் அறைக்கு ஈ கூட வரவில்லை. வாசல் வலைப்பந்துத் திடலைப் பார்த்தபடி இருந்தது. யார் உள்ளே போகிறார்கள் என்று பாடசாலை முழுக்கத் தெரியும். நாளைக்குக் கலியாணம் பேசும்போது இது வந்து நிற்கும் என்று தாய்மார் பயந்தார்கள். நான் பின்பக்கக் கதவைத் திறந்து, முன்கதவுக்கு அலுமாரியை வைத்து மறைத்தேன். அதன்பிறகு பிள்ளைகள் ஒன்றிரண்டாக வந்தார்கள்.

என் முறை இலேசானது. யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் டிப்ளோமா படித்தபோது பழக்கியது. பிள்ளையிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, குடும்பத்தை ஒரு மரமாகக் கீறச் சொல்வேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வட்டம். செத்தவர்கள், காணாமல் போனவர்களின் வட்டத்துக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் தரம் சொல்லித்தர வேண்டியதில்லை. குனிந்த தலை நிமிராமல் அடித்துக்கொண்டே போவார்கள். பிறகு அழுவார்கள். தண்ணீர் கொடுப்பேன். கொஞ்சம் பாரம் இறங்கின முகத்தோடு வகுப்புக்குப் போவார்கள். இப்படி முப்பத்தேழு மரம் என்னிடம் இருக்கிறது. அந்த முப்பத்தேழு பேருக்கும் நான் நல்லதுதான் செய்தேன். அதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தெட்டாவது டிலக்ஷி. பத்தாம் வகுப்பு. வலைப்பந்து அணியில் பந்து போடுகிறவள். பாடசாலையின் பழைய அதிபர் ஒருவர் காலமானதற்காகக் காலைப் பிரார்த்தனையில் இரண்டு நிமிடம் மௌனம் காத்துக்கொண்டிருந்தோம். யாருடையதோ வயிறு நீளமாகக் கத்திவிட்டது. டிலக்ஷி சிரித்துவிட்டாள். அதுவும் சும்மா சிரிப்பில்லை. அந்த வரிசையே சிரித்தது, பிறகு அடுத்த வரிசையும் சிரித்தது. மௌனம் ஒரு நிமிடத்தில் முடிந்துபோனது. அதிபர் அவளை என்னிடம் அனுப்பினார்.

மரம் கீறினாள். தகப்பன் சுபாஸ்கரன், கரவெட்டியில் வெண்காயத் தோட்டம் செய்கிறவர். தாய் உதயகலா. தகப்பன் வழி, தாய் வழி நான்கு கிழடுகளும் உயிரோடு. மாமன், சித்தப்பன், பெரியம்மா, ஒன்றுவிட்டதுகள், இரண்டுவிட்டதுகள் எல்லாரும் உயிரோடு. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லாரும் ஓடினார்கள், எல்லாரும் திரும்பி வந்தார்கள். வீட்டு ஓடுகூட உடையவில்லையாம். பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு,

"சேர், இதிலை கறுப்படிக்க ஒருத்தருமில்லை. மாங்காய் கீறட்டே?" என்று கேட்டாள்.

தாளை என் பக்கம் இழுத்தேன். நீங்களே சொல்லுங்கள், எங்கள் ஊரில் இது எப்படி நடக்கும்? எனக்கே நான்கு கறுப்பு வட்டம் இருக்கிறது. என் படிப்பில் சொல்லித் தந்தது என்னவென்றால், ஒன்றுமில்லை என்கிற ஆளிடம்தான் பெரியது புதைந்து கிடக்கும் என்று. நான் மரத்தைத் திரும்பப் பார்த்தேன். தாய் தகப்பன் கலியாணம் செய்தது இரண்டாயிரத்து ஐந்தில். பிள்ளை பிறந்தது ஒன்பதில். நடுவில் நான்கு வருடம் சும்மா கிடந்தது. அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். பென்சிலால்தான் போட்டேன். கறுப்பும் அடிக்கவில்லை. "இதிலை ஆர் பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன். ஒருத்தருமில்லை என்றாள். சிரித்தாள். ஆனால் போகும்போது திரும்பி அந்தத் தாளை ஒருதரம் பார்த்தாள்.

அடுத்த கிழமை கூப்பிடாமலே வந்தாள். தனக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்திருக்குமோ என்று கேட்டாள். இருந்தது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "நீர் அம்மாவிட்டைக் கேளும்" என்றேன். இதில் என்ன பிழை இருக்கிறது?

தாய் மறுநாளே வந்து நின்றா. நல்ல கோபம். "எனக்கு ஒரு பிள்ளைதான் சேர். பெத்தவளுக்குத் தெரியாதே?" என்றா. பின்னால் வந்த சுபாஸ்கரன், நான்கு வருடம் பிள்ளையில்லாமல் சந்நிதி முருகன் கோயிலுக்கு நடந்த கதையையும், காவடி எடுத்த கதையையும், அதை ஊரே அறியும் என்பதையும் சொன்னார். நான் பொறுமையாகக் கேட்டேன். ஒரு சின்னப் பென்சில் வட்டத்துக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று யோசித்தேன். கோப்பில் 'பெற்றோர் மறுக்கின்றனர்' என்று எழுதினேன். டிலக்ஷியிடம், அம்மா இன்னும் கதைக்கிற நிலையில் இல்லை, நாங்கள் அவசரப்படுத்தக் கூடாது என்று இதமாகத்தான் சொன்னேன்.

பிள்ளை வீட்டு அலுமாரியைக் கிளறியிருக்கிறாள். அடியில் ஒரு நீலச் சேட்டு, கைக்குழந்தைக்குப் போடுகிற அளவு. பெரியம்மாவின் மகன் போட்டது, நீ பிறந்தபோது உனக்கென்று தந்தது என்று தாய் சொல்லியிருக்கிறா. டிலக்ஷி அதைக் கடதாசியில் சுற்றி என்னிடம் கொண்டு வந்தாள். நான் அதை விரித்துப் பார்த்தேன். பிறகு நாலாக மடித்துக் கோப்புக்குள் வைத்தேன். அந்தச் சேட்டைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் மடித்த விதத்தில் கொஞ்சம் மரியாதை இருந்தது, அதை அவள் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் வலைப்பந்துக்குப் போகவில்லை. வகுப்பில் சத்தமில்லை. அதிபர் என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். "அருட்செல்வன், பிள்ளையை நல்லாத் திருத்திப்போட்டீர்" என்றார். பதின்மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் தேத்தண்ணி.

சாப்பாட்டையும் நிற்பாட்டிவிட்டாள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அண்ணனைப் பற்றிய உண்மையைச் சொன்னால்தான் சாப்பிடுவேன் என்று இருந்திருக்கிறாள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். நான் பார்க்கப் போனேன். உதயகலா விறாந்தையில் என் கையைப் பிடித்துவிட்டா. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றா, பாவம். முதல் வந்தபோது இருந்த கோபம் ஒன்றும் இல்லை.

"ஓமெண்டு சொன்னால் சாப்பிடுவாளோ சேர்?"

"சாப்பிடுவா" என்றேன்.

"பொய்யெல்லோ சேர்."

"இப்ப பிள்ளை சாப்பிடுறதுதான் முக்கியம்."

நீங்கள் என்னிடத்தில் இருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பீர்கள்? தாய் உள்ளே போய், ஓம், அண்ணன் இருந்தவன் என்று சொன்னா. டிலக்ஷி தாயைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, மூன்று இடியப்பமும் சொதியும் சாப்பிட்டாள். நான் கண்ணால் பார்த்தேன். அன்றுதான் அந்த வட்டத்துக்குக் கறுப்பு அடித்தேன்.

ஆனால் பிள்ளை அத்தோடு விடவில்லை. பெயர் என்ன, எப்போது பிறந்தவன், என்ன வருத்தத்தில் செத்தவன், எந்தச் சுடலையில் தாட்டீர்கள் என்று தாயைத் துளைத்தாள். பெயர் மட்டும் உதயகலாவின் வாயில் உடனே வந்திருக்கிறது: டிலக்ஷன். எங்கள் ஆட்கள் தங்கச்சிக்கு டிலக்ஷி என்று வைத்தால் அண்ணனுக்கு வேறென்ன வைப்பார்கள்? மற்றதற்கெல்லாம் விடை தெரியாமல் அந்த மனுசி என்னிடம் ஓடி வந்தா. ஒரு புதன்கிழமை இருவரும் இந்த மேசையில் இருந்து எல்லாவற்றையும் தீர்மானித்தோம். இரண்டாயிரத்து ஆறு மார்கழியில் பிறந்தான் என்று வைத்தோம். சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம், மருந்துத் தட்டுப்பாடு, எட்டு மாதத்தில் காய்ச்சல். அந்த வருடத்தைப் பற்றி யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள். இறந்த திகதிக்குத்தான் கஷ்டப்பட்டோம். ஆவணியில் முதல் கிழமை சோதனை, அடுத்தது நல்லூர்த் தேர். கடைசியில் பதினேழாம் திகதி இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

படம் வேண்டும் என்றாள் பிள்ளை. வீட்டில் இருந்தது அவளுடைய குழந்தைப் படம் ஒன்றுதான். ஸ்ரூடியோவில் கொடுத்து, பொட்டையும் தோட்டையும் எடுத்துவிட்டு, நீலச் சேட்டுப் போடுவித்தார்கள். இந்த யோசனை என்னுடையது இல்லை. ஆனால் பார்த்தபோது நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

பால் மணம் மாறாத பிள்ளைக்குத் திவசம் கிடையாது என்று ஐயர் கைவிரித்துவிட்டார். அதனால் பதினேழாம் திகதி படத்துக்கு மாலை போட்டு, பாலும் பிஸ்கட்டும் வைத்தார்கள். அயலட்டை எல்லாம் வந்தது. இத்தனை வருடம் மனதுக்குள் வைத்து மறுகினாயே என்று உதயகலாவை உரிமையோடு ஏசினார்கள். முன்வீட்டு மனுசி ஒரு படி மேலே போய், தான் அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தா. உதயகலா அவவுக்குக் கிட்டப் போனா.

"அக்கா, அவன் ஆரைப்போலை இருந்தவன்?" என்று கேட்டா.

அந்த மனுசி, தகப்பனை உரித்து வைத்தது போல என்றா. சுபாஸ்கரன் எழுந்து வெளியே போய், கிணற்றடியில் நின்றார். அன்றிலிருந்து அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. உதயகலா அப்படியில்லை. நெஞ்சில் பால் கட்டி நொந்த நாட்களை எல்லாம் பிறகு என்னிடம் விபரமாகச் சொன்னா. எந்தப் பிள்ளைக்குக் கட்டிய பால் என்று நான் கேட்கவில்லை.

இனி நீங்கள் கேட்ட விடயம். மகனின் பிறப்பையும் இறப்பையும் ஒரே நாளில் பதிய வேண்டும் என்று உதயகலா பதிவாளரிடம் போனது உண்மை. சாட்சியாக நான் கையெழுத்து வைத்ததும் உண்மை. பதிவாளர் ஆஸ்பத்திரிப் புத்தகங்களைத் தேடியிருக்கிறார். அப்படி ஒரு பிள்ளை எங்கும் இல்லை என்று கண்டு வலயக் கல்விக் கந்தோருக்கு எழுதியிருக்கிறார். அவர் தன் வேலையைச் செய்தார். குறை சொல்லமாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஒளிக்கிற ஆள் இல்லை. போன மாதம் டிலக்ஷி தனியாக வந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். அந்தக் கதிரையின் நுனியில் இருந்தாள்.

"சேர், அந்தப் படத்திலை இருக்கிறது நான்."

அண்ணனும் தங்கச்சியும் ஒரே சாயலாகத்தானே இருப்பீர்கள் என்றேன்.

"காதிலை தோடு குத்தின ஓட்டை தெரியுது சேர். அது நான்தான்." தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "அம்மா என்ரை படத்துக்கு முன்னாலை இருந்துதான் ஒவ்வொரு நாளும் அழுகிறா. அப்ப செத்தது நானோ?"

அப்படி ஒரு பிள்ளை இருந்ததா என்ற உங்கள் விசாரணைப் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு இதுதான் பதில். அப்படி ஒரு பிள்ளை இருக்கவில்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும். போன மாதம் அவள் தனியாக வந்த அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் எழும்பி வலைப்பந்துக்குப் போயிருப்பாள் என்பதும் தெரியும். சொல்ல வாய் எடுத்தேன். அப்போது மணி அடித்தது. நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரு பிள்ளையை வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. அடுத்த கிழமை கதைப்பம் பிள்ளை என்று அனுப்பினேன். கோப்பில் 'ஆழமான கேள்விகள் கேட்கத் தொடங்கியுள்ளார், நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன்.

அடுத்த கிழமை அவள் வரவில்லை. வீட்டுக் கிணற்றுக்குள் இருந்து சுபாஸ்கரன் அவளை உயிரோடு தூக்கினார் என்று பிறகு அறிந்தேன். இப்போது ஆஸ்பத்திரி விடுதிக் கட்டிலில் இருக்கிறாளாம், யாரோடும் கதைப்பதில்லையாம். அவளை வேறொரு உளவளத்துணையாளரிடம் ஒப்படைக்கப் போவதாக உங்கள் கடிதத்தில் கண்டேன்.

என் வேலையைப் பறியுங்கள், நான் எதிர்த்து ஒரு பெட்டிசமும் எழுதமாட்டேன். ஆனால் டிலக்ஷியை மட்டும் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பிள்ளையின் அண்ணனை என்னைப்போல் அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.