எழுநூற்று இருபத்திரண்டு ஆம்பியர் அம்மையாருக்கு

ஒரு காலில் மட்டும் செருப்போடு, மருத்துவமனைப் புதுக் கட்டடத்தின் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடிவந்து, மின்மாற்றியை இயக்கப் போன கையை மணிக்கட்டோடு பற்றி நிறுத்திய அம்மையே! கணக்கில் கறாரும் கனிவில் கரையின்மையும் கொண்டவரே! முப்பத்துநான்கு ஆண்டுகள் இக்கட்டடங்களின் விளக்குகள் விழித்திருக்கத் தாம் விழித்திருந்த எங்கள் பொறியாளரே! வணக்கம்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் பற்றியது டெஸ்டர் அண்ணனின் கையை. சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் அவரை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெயர். ஃபோர்மேன் பதவி அவருக்கு வர இன்னும் ஒரே வாரம். எதிரே திறப்பு விழா விருந்தினர்கள். கைக்கடிகாரத்தையே முறைத்தபடி கண்காணிப்பாளர்.

"கையை எடுங்க டெஸ்டர். கேபிள் தாங்காது" என்றீர்கள்.

அண்ணனுக்கு முதலில் வந்தது கோபம்தான். எந்தக் கேபிளானாலும் அதன் அளவை இருவர் தனித்தனியே கணக்கிட்டு, ஆளுக்கொரு கவரில் போட்டு, ஒன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது இப்பிரிவுக்கு நீங்களே வகுத்த விதி. இந்தக் கேபிளுக்கு ஒரு கவர் அவருடையது, மற்றது உங்களுடையது. இரண்டிலும் நானூற்றுப் பதினேழு ஆம்பியர். இதற்குமேல் என்ன சந்தேகம்?

நீங்கள் வாதாடவில்லை. பென்சிலை எடுத்தீர்கள், ஸ்விட்ச் பெட்டியின் கதவிலேயே எழுதினீர்கள். ஐந்நூறு கேவிஏ மின்மாற்றி, வெளியே வரும் பக்கம் நானூறு வோல்ட்.

"மூணு ஃபேஸ்னு மூணால வகுத்திருக்கு. அப்படி வகுக்கணும்னா இருநூத்தி முப்பது வோல்ட்டை எடுத்திருக்கணும். நானூறை எடுத்தா ஒண்ணு புள்ளி ஏழு மூணாலதான் வகுக்கணும்."

விடை எழுநூற்று இருபத்திரண்டு. மிச்சத்தை அண்ணன் தாமே புரிந்துகொண்டார். நானூற்றுச் சொச்சத்துக்கென்று போட்ட கேபிள். அதைக் காக்க, பெட்டியோடு வந்த எண்ணூறு ஆம்பியர் பிரேக்கர். முழு லோடு ஏறினால் கேபிள் வேகும். எண்ணூறைத் தாண்டாதவரை பிரேக்கர் ஏனென்று கேட்காது. உயர் அழுத்தப் பக்கத்து ஃப்யூஸோ, மின்மாற்றி விழிக்கும்போது ஒரேயடியாக இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கவென்று தாராளமாகப் போட்டது, அதுவும் தூங்கும். கேபிள் ஓடும் பள்ளத்துக்கு நேர் மேலே குழந்தைகள் வார்டு.

விழா ஒன்பது நாள் தள்ளிப்போனது. ஒவ்வொரு ஃபேஸுக்கும் இன்னொரு கேபிள் பக்கத்திலேயே இறங்கியது. நீங்கள் கையைப் பற்றிய மறுநாளே விசாரணையும் வந்தது.

கண்காணிப்பாளர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். ஒரே தப்பு, ஒரே வரியில். தனித்தனியாகப் போட்ட இருவர் ஒரே குழியில், ஒரே காலை எடுத்து வைத்தா விழுவார்கள், யாரோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு அவர் பார்த்தது அண்ணனை மட்டும். பார்த்து எழுதியவர் எவரோ அவருக்குப் பதவி உயர்வு கிடையாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

கணக்கில் சறுக்கியது தாம்தான் என்று அண்ணனுக்குத் தெரியும். ஆனால் அவர் யார் தாளையும் பார்க்கவில்லை. அதைச் சொன்னால் விரல் உங்கள் பக்கம் அல்லவா திரும்பும்? குழந்தைகளைக் காப்பாற்றிய கையைக் காட்டிக்கொடுப்பதா? போனால் போகட்டும் ஃபோர்மேன் பதவி என்று முடிவு கட்டி, "நான்தான் சார்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

அன்று நீங்கள் சொன்னதை இம்மடலில் சேர்க்கக் கூடாதென்று நேற்றுகூடத் தடுத்தீர்கள். ஓய்வு பெறுபவரின் உத்தரவு ஒருநாள் முன்னதாகவே செல்லாது என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் டீ ஆறிவிடும். உங்கள் சந்தேகம் ஆறாது. ஏணியில் ஏறியவன் இறங்கும்வரை நீங்கள் நாற்காலியில் அமர்ந்ததில்லை. திட்டினால் அறைக்குள், பாராட்டினால் வராந்தாவில். அக்கா என்றவர்க்கும் அம்மா என்றவர்க்கும் ஒரே அதட்டல், ஒரே அரவணைப்பு. முப்பத்துநான்கு ஆண்டுப் பணிப்பதிவேட்டில் உங்கள் மேல் விழுந்த கண்டனம் ஒன்றே ஒன்று. அது அந்த விசாரணையில் விழுந்தது. பதவி உயர்வு டெஸ்டர் அண்ணனுக்குக் குறித்த நாளில் வந்தது. கண்டனம் ஏட்டிலேயே கிடக்கட்டும்; அதன் காரணத்தை இன்று சட்டம் போட்டு மாட்டுகிறோம்.

இனி எந்தத் தொலைபேசியும் உங்கள் உறக்கத்தைக் கலைக்காதிருக்க! மூட்டு வலி முகவரி தெரியாமல் திரும்பிப் போக! பேரன் பேத்திகளின் கணக்கு நோட்டுகள் உங்களிடம் படாத பாடு பட, நலமாய், நிறைவாய், நெடுநாள் வாழ்க!

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் மகளும் மருமகனும் இதுவரை கேட்டிராத அந்தப் பதில் இதோ. இரண்டு தாளும் ஒத்துப்போன பிறகு தப்பென்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கண்காணிப்பாளர் கேட்டார். நீங்கள் சொன்னீர்கள்:

"பார்த்து எழுதினது நான் சார். டெஸ்டர் கணக்காச்சே, தப்பாதுன்னு அப்படியே எழுதிக் கவர்ல போட்டுட்டேன். மனசு உறுத்திக்கிட்டே இருந்தது. நேத்துக் காலைலதான் முதல் தடவையா நானே போட்டுப் பார்த்தேன்."

என்றும் தங்கள் அன்பில்,
மின்பராமரிப்புப் பிரிவுப் பணியாளர்கள்
வாசித்தளிப்பவர்: ஃபோர்மேன் டெஸ்டர்