தெளிந்த ஊற்று

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். மூடி திறக்காத பாட்டிலாகவே தந்தீர்கள். நன்றி, காவல் ஆய்வாளர் அம்மா. கொல்லிமலைக்கு வந்தது முதல் நான் பாட்டில் தண்ணீர் மட்டுமே குடிக்கிறேன். மலைத் தண்ணீர் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

என் தொழில் பேச்சு. மூடநம்பிக்கையை எதிர்த்து மேடையில் முழங்கியும் துண்டறிக்கை அச்சிட்டும் தலை நரைத்தவன். ஒரு கேன் கச்சா எண்ணெய், எண்ணெய்ப் படலத்தை உடைக்கும் சிதறல் மருந்து ஒரு கேன், ஒரு கண்ணாடித் தொட்டி இவற்றை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, கடலில் கொட்டிய எண்ணெய் என்ன ஆகிறது என்று ஊர் ஊராக அறிவியல் காட்சி நடத்திவந்தேன். அப்படித்தான் திண்ணனூர் நாட்டின் அந்தச் சிற்றூருக்கும் போனேன்; இம்மலையில் நாடு என்றால் சில ஊர்களின் தொகுப்பு.

காட்சி முடிந்து சில நாட்களில், செம்மேட்டுச் சந்தையில் அந்த ஊர்ப் பெண் சென்னம்மாள் என்னைத் தேடி வந்தாள். ஊர் முழுக்கப் பக்கத்து நாட்டுத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பியபோது, குடிநீர் ஊற்றின் மேல் பழுப்பாக ஏதோ படர்ந்து கிடந்ததாம். அவள் தீட்டோடு ஊற்றில் இறங்கியதால் வந்த சாமி குற்றம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டதாம்.

"நான் எறங்கவே இல்லீங்க. எங்க ஊட்டோட யாரும் பேச மாட்டேங்கறாங்க. ஊரை விட்டே போகச் சொல்றாங்க. நீங்க வந்து சொன்னாக் கேப்பாங்கங்க."

போனேன். "தொட்டிக்காரரு வந்துட்டாரு. சாமிக்கே பாடம் எடுப்பாருங்க" என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது. அது எண்ணெய்தான் என்றேன். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் அப்பாசாமி மறுத்தார்.

"ஏனுங்க, எண்ணெய்னா வாசம் அடிக்காதுங்களா? இது ராகிக் களி மாதிரில்ல கெடக்குது?"

கூர்மையான கேள்வி. கச்சா எண்ணெயின் இலேசான பகுதி முதலில் ஆவியாகிறது. வாசமும் அதோடு போய்விடுகிறது. எஞ்சியது அலையில் அடிபட்டு, தண்ணீரைத் தனக்குள் இழுத்து, பல மடங்கு பெருத்துப் பழுப்புக் களியாகிறது. அந்த ஊற்றில் அலை இல்லை. பாறையிலிருந்து விழும் தாரை உண்டு. அலையின் வேலையை அது செய்திருந்தது. இதையெல்லாம் விளக்கினேன். எவரும் நம்பவில்லை. கண்ணால் கண்டால்தான் நம்புவார்கள் என்று உணர்ந்து, மருந்துக் கேனைத் திறந்தேன்.

மருந்து எண்ணெயை அழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து நீருக்குள் இறக்குகிறது, அவ்வளவே. கடலில் அத்துளிகள் பரவிப் பிரியும். நுண்ணுயிர்கள் மெல்லத் தின்னும். ஊற்றுக் குழியில் பரவ இடமில்லை. மேலும், களியாகிவிட்ட எண்ணெயில் மருந்து எளிதில் இறங்காது. கடல்நீருக்கென்று செய்த மருந்து நன்னீரில் இன்னும் மந்தம். ஆகவே கேன் முழுவதையும் ஊற்றி, மூங்கிலால் நெடுநேரம் கலக்கினேன்.

பழுப்பு மறைந்தது. தண்ணீர் சற்றே பால் கலந்தாற்போல் இருந்தது. மாலை வெயிலில் அது பெரிதாகத் தெரியவில்லை. சிரித்தவர்கள் வாயடைத்து நின்றனர். அந்த மௌனத்துக்காகத்தான் நான் வாழ்ந்திருக்கிறேன், அம்மா.

ஆனால் மேடைக்கு ஒரு முத்தாய்ப்பு வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவளே முதலில் குடிக்கட்டும் என்றேன். சென்னம்மாள் ஒரு கை அள்ளினாள். அது போதாது, செம்பு நிறையக் குடி என்றேன்.

"கசக்குதுங்க" என்றாள் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"சிரித்துக்கொண்டே குடி" என்றேன். குடித்தாள். ஊரும் குடித்தது. அப்பாசாமி அவளிடம் கைகூப்பினார். என் வாழ்நாளில் அத்தகைய கைதட்டலைக் கேட்டதில்லை.

இரவிலேயே பலருக்கு வாந்தி. பிள்ளைகள் உட்பட மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நிறையக் குடித்தவள் சென்னம்மாள். வாந்தி நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார் மருத்துவர். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், மலையடிவாரக் காரவள்ளி வருவதற்குள் மூச்சு நின்றது.

"மலை உச்சி ஊத்துல கச்சா எண்ணெய் எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டீர்கள்.

என் ஜீப்பிலிருந்து வந்தது. காட்சி முடிந்த இரவு ஊற்றுக்கு மேலே மேட்டில் நிறுத்தியிருந்தேன். காலையில் எண்ணெய்க் கேன் கவிழ்ந்து காலியாகக் கிடந்தது. மூடியை நான் சரியாகத் திருகவில்லை. எல்லாரும் விடியுமுன்பே திருவிழாவுக்குக் கிளம்பிவிட்டதால் ஊரில் ஆளில்லை. செம்மேட்டுக்கு இறங்கிவிட்டேன்.

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு மேல பழியே வந்திருக்காதே" என்கிறீர்கள். உண்மை. ஒரே வாக்கியம் போதும். ஆனால் அறிவியல் பேச வந்தவனே ஊற்றைக் கெடுத்தான் என்றால், அதன்பின் அறிவியலை எவர் கேட்பார்? ஒரு மனிதனின் கவனக்குறைவுக்காக ஓர் இயக்கத்தின் வாயை அடைக்கலாமா? இதைச் சீர்தூக்கித்தான் மௌனம் காத்தேன்.

இப்போது அந்த ஊரில், சாமிதான் அவளைக் கொண்டுபோய்விட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம். அதனால்தான் நானாகவே இங்கு வந்தேன். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: சென்னம்மாளைக் கொன்றது எந்தச் சாமியும் அல்ல, நான். மூடநம்பிக்கைக்கு இம்மியும் இடம் கொடுக்கக் கூடாது.