சத்தமில்லாத அறை

சத்தமில்லாத ஓர் அறை கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும், ஐயா. நர்ஸ் உரிமத் தேர்வை இனி இருந்த இடத்திலிருந்தே எழுதலாம் என்றார்கள். கேட்கச் சுலபம். அறையில் வேறு ஆள் கூடாது, சத்தம் கூடாது, நாற்காலியை விட்டு எழக்கூடாது. கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

முதல் முறை மருத்துவமனை ஓய்வறையில் உட்கார்ந்தேன். துடைப்பத்தோடு ஓர் அம்மாள் உள்ளே வந்தார், தேர்வு ரத்து. அடுத்த முறை தோழியின் கார். பாதியில் நெட் போய்விட்டது. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் நாலு வருஷப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளி. அன்றைக்குச் சுடுகாட்டில் மேசை போட்டுக் கொடுத்திருந்தாலும் போயிருப்பேன்.

மிஞ்சியது வீடுதான். இரண்டே அறை. ஓர் அறையில் அண்ணன், ஆக்சிஜன் மெஷினோடு. அது மாவு மில் மாதிரி இரையும்.

“மெஷினை அணைக்கட்டுமாண்ணா?”

“எவ்வளவு நேரம்மா?”

“அரை மணி நேரம்தான்.”

“சரி, எழுது. முடியலன்னா சுவத்தத் தட்டறேன்.”

அரை மணி தாங்குவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேர்வு இரண்டு மணி நேரம்.

நாற்பதாவது நிமிடம் தட்டினான். ‘ஏதோ சத்தம் கேட்கிறது. வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?’ என்று கண்காணிப்பாளர் திரையில் கேட்டார்.

‘யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள்’ என்று பதில் அடித்தேன்.

அடுத்த கேள்வி, மூச்சுத் திணறும் நோயாளிக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது. சரியான விடையைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு கேள்வி தாண்டுவதற்குள் தட்டுவது நின்றுவிட்டது. தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசிக் கேள்வி வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

கொன்றுவிட்டாய் என்கிறீர்கள். மெஷினை அணைத்ததும் நான்தான், தட்டியதைக் கேட்டதும் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் யாருக்காக இவ்வளவு பாடு? அண்ணனை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளத்தானே அந்த உரிமம்?

நேற்று முடிவு வந்தது, பாஸாகிவிட்டேன். இனிமேல் அவனுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன்.