காசினோ நைட்டுக்குப் போன பன்னிரண்டு பேர்

நல்ல ஷோ பார்க்க நிறையப் பணம் வேண்டும் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய் சுத்திகரிப்பு பிளாண்டில் பதினோரு வருடமாக வெல்டர். இந்தக் கரையிலுள்ள எந்த ரிசார்ட்டிலும் நான் டிக்கெட் எடுத்ததில்லை. பார்க்காமல் விட்ட ஷோவும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு பாண்டுக்காரர்கள் மைக்கைச் சரிபார்ப்பார்கள். முகச்சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, நீச்சல் குளத்தோரம் ஒரு எலுமிச்சை ஜூஸோடு உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்த நேரத்தில் பிலிப்பைன்ஸ் பெண்கள் தங்களுக்காகப் பாடுவார்கள். இருட்டிய பிறகு பாடுவது விருந்தாளிகளுக்காக. இந்த வித்தியாசம் காசு கொடுத்தவர்களுக்குத் தெரியாது.

போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் என்னிடம் கேட்டது படகுக்கு அனுமதி இருந்ததா என்பதை மட்டும்தான். இல்லை. தமிழிலேயே எழுது, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்று ஒரு கட்டுத் தாளைக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை எழுதிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. மற்றதையும் எழுதிவிடுகிறேன். மொழிபெயர்ப்பவரிடம் ஒரே வேண்டுகோள், எதையும் பூசி மெழுக வேண்டாம்.

அந்த ரிசார்ட்டில் வியாழக்கிழமைதோறும் காசினோ நைட். இந்த நாட்டில் சூதாட்டம் கிடையாது. அதனால் பிளாஸ்டிக் வில்லைகளைக் கையில் கொடுத்து மேசையைச் சுற்றி நிற்க வைப்பார்கள். ஜெயித்தவனுக்குக் கரடி பொம்மை. அதற்கும் கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. விசேஷம் மேடையில்தான். பாண்டு, மந்திரவாதி, பாவாடையைக் குடையாக விரித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும் எகிப்துக்காரர், கடைசியில் தீப்பந்தம். மேடை கடலைப் பார்த்திருக்கும். எதிரே கொஞ்ச தூரத்தில் ஒரு மணல்திட்டு. கடல் வற்றும்போது கால்பந்து மைதானம் அளவுக்கு வெளியே வரும். காற்று விழுந்த பிறகு பாட்டு தண்ணீர் மேல் அவ்வளவு தெளிவாக வந்து சேரும். அங்கே பாய் விரித்து உட்கார்ந்து, புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மேடையை நேருக்கு நேர் பார்க்கலாம்.

அந்தத் திட்டைக் கண்டுபிடித்தது நானும் என் தம்பி பெபினும். எங்கள் அப்பா குளச்சல் பக்கம் கடலுக்குப் போனவர். அதனால் படகு ஓட்டுவதும் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை. மக்தூம் என்ற உள்ளூர்க்காரர் தன் பைபர் படகைத் தருவார். எதற்கு என்று கேட்டதில்லை. அவர்மேல் குற்றம் எதுவும் எழுத வேண்டாம். பெபினுக்கு மந்திரவாதியைத்தான் பிடிக்கும். ஒரே வித்தையை ஒன்பது தடவை பார்த்திருக்கிறான், ஒன்பது தடவையும் கைதட்டினான்.

2006 மார்ச்சில் பெபின் செத்துப்போனான். பிளாண்டில் விஷவாயுக் கசிவு. அலாரம் அடித்தால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓரிடத்தில் கூட வேண்டும். ஒவ்வொருவரிடமும் பெயர் எழுதிய கார்டு ஒன்று இருக்கும். அதை அங்கேயுள்ள பலகையில் அவரவர் கொக்கியில் மாட்ட வேண்டும். எல்லாக் கொக்கியும் நிறைந்துவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு எங்கள் சேப்டி சூப்பர்வைசர் செல்வநாயகம் பலகையைப் பார்த்தார். நிறைந்திருந்தது. எல்லாரும் வந்தாச்சு என்று வயர்லெஸில் சொன்னார். பெபின் பம்பு ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தான். நாற்பது நிமிடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அவன் கார்டு எப்படிப் பலகைக்கு வந்தது என்று விசாரணையில் கேட்டார்கள். கீழே கிடந்ததை யாரோ எடுத்து மாட்டியிருக்கலாம் என்று முடித்தார்கள். ஆனால் ஆட்களை எண்ணாமல் விட்டது தன் தவறுதான் என்று செல்வநாயகம் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஒரு உயிருக்குத் தண்டனை, வெயிலில் நின்றவர் ஏசி ரூமுக்குப் போனதுதான். அன்றைக்கே முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு என்று எழுதாதீர்கள். கோபம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதும் இருந்தது, ராத்திரி விளக்கை அணைக்கும்போதும் இருந்தது.

பகை வைத்திருப்பவன் முறைத்துக்கொண்டு திரிவான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அவருக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன். நாசரேத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டோருக்குப் போன பிறகு அவர் தொழிலாளர் கேம்ப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. ஒன்றரை வருடம் அவருக்குத் துணையாக இருந்தேன். காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஊரிலிருந்து அவர் மனைவி எப்சிபா போன் செய்தால் என்னிடமும் இரண்டு வார்த்தை பேசுவார். நான் இருப்பதால் நிம்மதியாக இருப்பதாகச் சொல்வார். அண்ணாச்சிக்கு நீச்சல் தெரியாது என்பது எப்சிபா சொல்லித்தான் தெரியும்.

போன நவம்பரில் காசினோ நைட்டுக்குக் கூப்பிட்டபோது அவர் கண் கலங்கிவிட்டது. நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். மொத்தம் பன்னிரண்டு பேர். படகில் ஏறுமுன் லைப் ஜாக்கெட் கேட்டார். அவரிடம் அதை எதிர்பார்த்துத்தான் ஆறு வாங்கி வைத்திருந்தேன். ஆறுதான் இருந்ததால் இரண்டு நடையாகப் போனோம். இறங்கியதும் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகிலேயே போட வேண்டும் என்றேன், அடுத்த நடைக்கு வேண்டுமே. நனைந்துவிடும் என்று எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பாலிதீன் பையில் கட்டிக்கொண்டேன். நல்ல பழக்கம் தம்பி என்று அண்ணாச்சி பாராட்டினார். அன்றைக்கு அமாவாசை என்பதை அவர் கவனிக்கவில்லை. மற்ற நாட்களில் கடல் ஏறினால் அந்தத் திட்டில் இடுப்பளவுதான் தண்ணீர். அமாவாசைக்கு ஆள் முழுகும்.

மந்திரவாதி வந்தபோது அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டினார். பெபின் கைதட்ட வேண்டிய இடத்தில் அவர் தட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. அதுவரை மனசில் கொஞ்சம் தயக்கம் இருந்திருந்தால் அதுவும் அந்தச் சத்தத்தில் போய்விட்டது.

ஏழு மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. மேடை கிழக்கு முனையிலிருந்து இன்னும் நன்றாகத் தெரியும் என்று சொல்லி அவரை மட்டும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நடுவில் மணல் மேடு. அந்தப் பக்கம் இருப்பவர் இந்தப் பக்கத்துக்குத் தெரிய மாட்டார். மற்றவர்களைக் கரையில் விட்டுவிட்டுக் கடைசி நடையில் படகைச் சுற்றிக்கொண்டு வருகிறேன், கால் நனையாமல் ஏறலாம் என்றேன்.

"எல்லாரையும் எண்ணித்தான ஏத்துவ?" என்று கேட்டார்.

எண்ணித்தான் ஏற்றுவேன் என்றேன்.

"சரி. நம்ம கடைசில ஏறுவோம். அதான் மொற."

நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "ஏ தம்பி, பெபின் காரியத்த இன்னும் நெஞ்சுல வச்சிட்டு வெசனப்படாத. அன்னைக்கு ஆஸ்பத்திரில நீயே பொலம்பிச் சொன்ன, ஒனக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ. அவன் கார்ட மாட்டுனது நீதான்னு நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல. எப்சிபாட்டகூட சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன்."

எனக்கு ஞாபகம் இருந்தது. சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

முதல் நடையில் ஆறு பேர். இரண்டாவது நடையில் நாலு பேர். முதலில் போனவர்களிடம் அண்ணாச்சி அடுத்த நடையில் வருகிறார் என்று சொல்லி, ரோட்டில் நின்ற கேம்ப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவர்களிடம் முன்னாலேயே போய்விட்டார் என்றேன். இரண்டாம் நடையில் பாதி வழியில் பாண்டு இடைவேளை விட்டது. யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றான் பெர்சி, எங்கள் பிட்டர். ரிசார்ட்டில் மைக் சரிபார்க்கிறார்கள் என்றேன். ஷோ விஷயத்தில் என் பேச்சை யாரும் தட்டுவதில்லை. பஸ் டிரைவர் எல்லோரும் வந்தாச்சா என்று கேட்டார். ஜெபக்கூட்டத்துக்காரர்கள் காரில் வந்து அண்ணாச்சியை அழைத்துப்போய்விட்டார்கள், மற்ற எல்லோரும் வந்தாச்சு, கலாஸ், யல்லா, கிளம்பலாம் என்றேன். பஸ்ஸில் அவரவர் போனைத் திருப்பிக் கொடுத்தேன். பைக்குள் மிச்சமிருந்தது இரண்டு தடவை அடித்தது. எப்சிபா வியாழக்கிழமை அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவார்.

மூன்றாம் நாள் வலைக்காரர்கள் அவரைக் கொண்டுவந்தார்கள். அவராகவே திரும்பவும் திட்டுக்குப் போயிருப்பார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இவ்வளவுதான். செய்தது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

கார்டு விஷயத்தை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆகவே அதையும் எழுதிவிடுகிறேன். ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு அப்படியே பகலுக்கும் நின்ற பெபின், ஷெட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தூங்குகிறேன் என்றான். வாரம் ஒரு முறை பயிற்சி அலாரம் அடிக்கும். அவன் தூங்கினால் அவன் கார்டையும் நான் மாட்டிவிடுவேன், நான் தூங்கினால் அவன் மாட்டுவான். கேம்ப்பில் எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கும் அப்படித்தான் மாட்டினேன். இது பயிற்சி இல்லை, நிஜம் என்று அறிவித்தபோது நான் பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது வாயைத் திறந்திருந்தால் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும், அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். அண்ணாச்சி என் முகத்தைப் பார்ப்பார், கேட்பார் என்று நின்றுகொண்டே இருந்தேன். நாற்பது நிமிடமும் அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆட்களை எண்ணுவது அவருடைய வேலை. நான் வெறும் வெல்டர்.